முப்பது நாள் விடுப்பு யாருக்கு இருக்கிறது?

'குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்' என்ற சுவரொட்டியைப் பேருந்து நிலையச் சுவரில் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. எங்கள் தெருவில் குடியிருக்கும் கொத்தனாரின் மனைவி, அந்த எண்ணில் பேசி வரவழைத்த பொடியைச் சாம்பாரில் கலந்து கொடுத்துவிட்டு, அன்றிரவு குடித்துவிட்டு வந்து முகம் சிவந்து மூச்சுத் திணறிய கணவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார். மதுவோடு சேர்ந்தால் உடலைப் புரட்டிப்போடும் டைசல்ஃபிராம் போன்ற மருந்தை நோயாளிக்குத் தெரியாமல் கொடுப்பது உயிரோடு விளையாடுவது என்று மருத்துவர் அவரைக் கடிந்துகொண்டார். கடிந்துகொண்டது சரிதான். ஆனால் கோவிலில் கயிறு கட்டிப் பார்த்தும் பலிக்காமல் பொடி வரைக்கும் அவர் ஏன் போனார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அந்தக் குடும்பத்தின் கணக்கு எளிமையானது. தனியார் மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் சேர்க்கப் பணம் இல்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான் என்றாலும், அவர் அங்கே படுத்திருக்கும் நாள்களுக்குக் கூலி கிடையாது. கூடவே இருக்க வேண்டிய மனைவியும் நான்கு வீட்டு வேலையை விட வேண்டும். செவ்வாய்க்கிழமை வந்தால் குழுக் கடன் தவணைக்கு ஆள் வந்து நிற்பார். மாதச் சம்பளக்காரர் மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிகிச்சைக்குப் போகலாம். கொத்தனார் யாரிடம் எழுதிக் கொடுப்பார்?

குடிநோய் முற்றியவர் காலையில் குடிப்பது போதைக்காக அல்ல, கை நடுக்கம் நின்றால்தான் கரண்டியைப் பிடிக்க முடியும் என்பதற்காக. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது என்பதால் காலைக் 'கட்டிங்' கூடுதல் விலைக்கு வெளியில் கிடைக்கிறது. அவர் மனவலிமையால் திடீரென நிறுத்தினாலும், இரண்டு மூன்று நாள்களில் சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கூப்பிடுவதாகவும் பிதற்றத் தொடங்கலாம். அந்த நிலை உயிரையே வாங்கக்கூடும். 'நினைத்தால் விட்டுவிடலாமே' என்று அறிவுரை சொல்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். இந்த எண்களை மன உறுதிக் குறைவு என்று விளக்க முடியாது. மறுபுறம், 2003 முதல் சில்லறை விற்பனையைத் தானே நடத்தும் தமிழக அரசுக்கு 2024-25-இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். உடனே 'கடையை மூடு' என்பார்கள். குவார்ட்டர் வாங்கும் காசுகூட இல்லாதவர்கள் பாக்கெட் சாராயத்துக்குப் போய், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைப் பார்த்த பிறகு, மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்த அரசு, உயிரோடு இருப்பவர் சிகிச்சையில் இருக்கும் நாள்களுக்கு தினக்கூலியையும், ஊர் திரும்பியபின் ஆறு மாதத்துக்கு மாத்திரையையும் ஆலோசனையையும் ஏன் கொடுக்கக் கூடாது என்பதே என் கேள்வி.

எங்கள் கொத்தனார் முதல் முறை சிகிச்சைக்குச் சேர்ந்து பதினோராம் நாளே வீடு திரும்பினார், வாடகை நிலுவை அப்படி. ஐந்து மாதம் தொடவில்லை. வேலை பார்த்த வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்ட அன்று, வழக்கப்படி அந்த வீட்டின் உரிமையாளர் பிரியாணியோடு ஆளுக்கொரு குவார்ட்டரும் வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றவரை மேஸ்திரி முதற்கொண்டு எல்லோரும் கேலி செய்தார்கள். இப்போது இரண்டாம் முறையாக வார்டில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைத் தவணைக்கு அவர் மனைவி நேற்று என்னிடம் ஆயிரம் ரூபாய் வாங்கிச் சென்றார்.