சொட்டு வச்சுப் பார்த்தாப் போதுமாம்!

எண்ணெயும் தண்ணியும் சந்திக்கிற எல்லையில ஒரு குட்டித் துகள் எவ்வளவு முங்கி நிக்குதுன்னு அளக்கணும். அந்த எல்லை துகளோட மேற்பரப்பைத் தொடுற கோணம், அதுதான் தொடுகோணம். அதுக்காகத் தண்ணியை ஜெல்லா உறைய வச்சு, எண்ணெயை எடுத்துட்டு, மேல சிலிகோன் ரப்பர் ஊத்தித் துகளை அதுல பிடிச்சு உரிக்கணும். முழுசா 48 மணி நேரம் அந்த ரப்பர் இறுகக் காத்திருந்தேன். சூடு காட்டிச் சீக்கிரம் முடிக்கவும் வழியில்லை, அடியில இருக்கிற ஜெல்லான் (அகர் மாதிரி தண்ணியை உறைய வைக்கிற பொருள்) ஜெல் இளகிடும். இன்னிக்குக் காலையில மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உரிச்சு, கழுவி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சா, துகளைச் சுத்தி ஜெல் பிசிறு! பல்லுல காரை படிஞ்ச மாதிரி. எண்ணெயும் தண்ணியும் துகளைத் தொட்ட கோடு எதுவோ, எதை அளக்கத்தான் இவ்வளவு பாடோ, சரியா அதுமேலயே. அடுத்த துகள், அதே கதை. சாய்ச்சுப் பார்த்தேன், அதே. ஓரத்துக்குப் போனேன், அங்கே துகளே இல்லை, அது இருந்த குழி மட்டும். கடைசியா சுத்தமா ஒண்ணு கிடைச்சுது. ஃபோகஸ் பண்றதுக்குள்ள மின்னூட்டம் ஏறி படம் முழுக்க வெள்ளைக்கோடு!

அப்பத்தான் பக்கத்துல வேலை பார்க்கிறவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "அதே பொருள்ல தட்டையா ஒரு தகடு எடுத்து, சொட்டு வச்சு, தொடுகோணத்தை அளந்து போட்டுட வேண்டியதுதானே?"

எப்படிங்க முடியும்? தகடும் துகளும் ஒண்ணா? துகளோட மேல இருக்கிற மின்னூட்டம், தயாரிச்சப்போ ஒட்டின சோப்பு மூலக்கூறு, மேடுபள்ளம் எதுவுமே அந்தத் தகட்டுல கிடையாது. துகள் எண்ணெய்-தண்ணி எல்லையைத் தொட்டதும் சட்டுன்னு தன் இடத்துல போய் உட்கார்ந்துடும்னுதான் எல்லாரும் நெனச்சாங்க. 2012-ல ஹோலோகிராபி (லேசர் ஒளியில துகளோட இடத்தை முப்பரிமாணமா கண்டுபிடிக்கிற முறை) வச்சுப் பார்த்தப்போ அது மடக்கைக் கணக்குல, அதாவது போகப் போக வேகம் குறைஞ்சுக்கிட்டே, ஊர்ந்து ஊர்ந்து போறது தெரிஞ்சுது. சமநிலைக்கு வர மாசக்கணக்கு ஆகலாம். சொட்டு வச்சு அளந்தா இது தெரியுமா?

சாதாரண மைக்ராஸ்கோப்ல பக்கவாட்டுல பார்க்கச் சொல்றவங்களும் இருக்காங்க. ஒரு மைக்ரான் துகள், 200 நானோமீட்டர் மங்கல். பாதி முங்கின துகளுக்கு அதுவே கோணத்துல 24 டிகிரி தப்பு! தொடுகோணம் 90 டிகிரிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமாங்கிறதை வச்சுத்தான், இந்தத் துகள்களைப் போட்டுக் கலக்கினா தண்ணிக்குள்ள எண்ணெய்த்துளி நிக்குமா, எண்ணெய்க்குள்ள தண்ணித்துளி நிக்குமான்னே முடிவாகுது. அங்கே போய் 24 டிகிரியா?

சரி, மறுபடி முதல்லேர்ந்து ஜெல் ஊத்தணும். இன்னும் ரெண்டு நாள்.

அந்தக் கூர்முனை இடுக்கியை எடுத்துட்டுப் போனது யாருங்க? முனையை வளைச்சுத் திருப்பி வச்சிருக்கீங்களே, அதை வச்சு நான் எதை உரிக்கிறது?