நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்த ‘ஆசியா’

சிறுகோள் என்றாலே அது பூமியில் வந்து மோதுமா என்பதுதான் நம் டிவி சேனல்களுக்குச் செய்தி. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே தன் பாட்டுக்குச் சுற்றிவரும் லட்சக்கணக்கான சிறுகோள்களில் ஒன்றை நம்ம நுங்கம்பாக்கத்தில் இருந்துதான் கண்டுபிடித்தார்கள் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1861 ஏப்ரல் 17. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தின் பொறுப்புக்கு நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேய வானியலாளர் வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. போட்டோ எடுத்துச் சிறுகோள் தேடும் வழக்கம் வர இன்னும் முப்பது வருடம் இருக்கிறது, அதனால் வானத்தின் ஒரு பகுதியில் தெரியும் நட்சத்திரங்களை வரைபடத்தோடு ஒப்பிட்டு, வரைபடத்தில் இல்லாத புள்ளி ஏதாவது தெரிந்தால் அது அடுத்த இரவுக்குள் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்க வேண்டும். அப்படிக் கிடைத்ததுதான் 67 ஆசியா (67 என்பது சிறுகோள்களுக்குத் தரும் வரிசை எண்). ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள், அதனால்தான் அந்தப் பெயர். கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்றொரு பெண் உண்டு என்பதால், தேவதைகளின் பெயரை வைக்கும் அன்றைய வழக்கத்துக்கும் அது பொருந்திப் போனது.

கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை. தொடர்ந்து பல இரவுகள் அதன் இடத்தை அளந்து பாதையைக் கணக்கிடாவிட்டால் மறுபடி தேடிப் பிடிக்கவே முடியாது. முதன்முதலில் கண்டுபிடித்த சிறுகோளான சீரிஸ் 1801இல் அப்படித்தான் சூரிய வெளிச்சத்தில் மறைந்து போய், கணித மேதை காஸ் போட்ட கணக்கால் திரும்பக் கிடைத்தது. ஆசியாவின் பாதை இன்று துல்லியமாகத் தெரியும்: சூரியனிலிருந்து சராசரியாக 2.42 வானியல் அலகு தூரம் (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள சராசரி தூரம்), ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.77 ஆண்டு. செவ்வாய் இரண்டு சுற்று முடிக்கும் நேரத்தில் இது ஏறக்குறைய ஒரு சுற்று முடிக்கும், எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

போக்சன் அதோடு நிற்கவில்லை. சாஃபோ, சில்வியா, கமில்லா, 1885இல் வெரா என்று மதராஸிலிருந்தே இன்னும் நான்கு. சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் இருப்பது 2005இல் தெரியவந்தது, ஒரு சிறுகோளுக்கு இரண்டு ‘நிலா’க்கள் என்று முதலில் தெரிந்தது இதற்குத்தான்.

ஆனால் போக்சன் பெயரோடு நிறுத்திக்கொண்டால் அது பாதிக் கதைதான். அதே வானாய்வகத்தில் அவருடைய முதன்மை உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஆர் ரெடிகுலி என்ற ஒளிமாறும் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று நம் மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் பிரசுரம் போட்டவர். அவரையெல்லாம் நாம் சுத்தமாக மறந்துவிட்டோம் என்பதில் எனக்குக் கோபமே உண்டு.

அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் இந்தியாவிலிருந்து ஒரு சிறுகோளும் இல்லை. 1988இல்தான் தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் ராஜமோகன் கண்டுபிடித்த 4130ஆம் எண் சிறுகோள் வந்தது. அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயர். கணக்கால் மட்டுமே பாதை தெரியவரும் ஒரு பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

ஆசியா, ராமானுஜன் என்ற இந்த இரண்டு சிறுகோள்களையும் ஆறாம் வகுப்பு அறிவியலில் சூரியக் குடும்பப் பாடத்திலேயே வைக்க வேண்டும், கூடவே ரகுநாதாச்சாரியின் படத்தையும். சென்னையில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், புத்தகத்தில் வரும்வரை காத்திருக்காமல் அடுத்த வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.