அது பெல்சன் இல்லை

மூன்று நாளாக எல்லோர் பக்கத்திலும் ஓடுகிறது அந்தப் படம். உங்களுக்கே தெரியும். முள்வேலி முன்னால் ஒரு சிப்பாய் மண்டியிட்டிருக்க, கோடு போட்ட உடுப்பில் ஒரு சிறுமி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். கீழே "பெர்கன்-பெல்சன் விடுதலை, 1945". யூதர்களையும் மற்றவர்களையும் நாஜிகள் அடைத்து வைத்திருந்த ஜெர்மனி வதைமுகாம் அது. ஆனால் இந்தப் படம் ஏஐ செய்தது. வேலிக் கம்பி ஒன்று சிப்பாயின் தோளுக்குள் போய் முடிகிறது, உற்றுப் பார்த்தால் தெரியும். இதைச் சொன்னதற்குத்தான் "படம் எதுவானா என்ன, நடந்தது உண்மைதானே, எதுக்கு இவ்வளவு சீன்?" என்று பதில் வந்தது. அதற்கு நூற்றுக்கு மேல் சிரிப்புக் குறி.

நடந்தது உண்மை என்பதால்தான் சொல்கிறேன்.

1945 ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை உள்ளே போனபோது அங்கே சுமார் 60,000 பேர் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான உடல்கள் புதைக்காமல் கிடந்தன. டைஃபஸ் என்ற கொள்ளைக் காய்ச்சல் பரவியிருந்தது. விடுதலைக்குப் பிறகும் 13,000 பேருக்கு மேல் செத்தார்கள். சோறும் மருந்தும் வந்த பிறகு செத்தவர்கள் இவர்கள். பெல்சன் விடுதலை என்றால் இது. கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பது இல்லை.

"அப்படியானால் யாருமே சிரிக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். சிரித்தார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தினர் எடுத்த படங்களிலேயே ரொட்டி வாங்கிப் போகும் பெண்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் போடுங்களேன், யார் வேண்டாம் என்றது? அந்தப் பெண்கள் இருந்தார்கள். இந்தச் சிறுமி இல்லவே இல்லை.

ஜார்ஜ் ரோட்ஜர் என்று ஒரு புகைப்படக்காரர், லைஃப் பத்திரிகைக்காகப் பெல்சன் போனவர். அவர் எடுத்த ஒரு படத்தில் ஏழு வயது டச்சு யூதப் பையன் ஒருவன் அரைக்கால் சட்டையோடு சாலையில் நடந்து வருகிறான். ஓரத்தில் மரங்களுக்கடியில் வரிசையாகப் பிணங்கள். அவன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான். அந்த முகாமில், செத்தவர்களைக் கேமராவுக்குள் அழகாக அடுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று ரோட்ஜருக்கே ஒரு கட்டத்தில் உறைத்தது. இனி போரைப் படமெடுப்பதில்லை என்று முடிவு செய்தார். நேரில் நின்று, அந்த நாற்றத்துக்குள் நின்று எடுத்த மனிதருக்கே அந்தக் கூச்சம் வந்தது. நாம் வீட்டில் உட்கார்ந்து ஒரு வரி தட்டி அழகான சோகம் ஒன்றைச் செய்துகொள்கிறோம்.

என் ஆச்சிக்கு ஒரே ஒரு படம்தான் இருந்தது. வங்கிப் புத்தகத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் அளவுப் படம். வடித்த காது, தோள் வரை தொங்கும். பாம்படம் கிடையாது, அதை விற்றுத்தான் அப்பாவைக் கல்லூரியில் சேர்த்தாள். போன வருஷம் திவசத்துக்குச் சொந்தக்காரப் பையன் ஒருவன் அதைச் செயலியில் போட்டுப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தான். செயலி அவளுக்குச் சின்னக் காது வைத்து, கம்மலும் போட்டுவிட்டிருந்தது. "எவ்வளவு லட்சணமா இருக்காங்க" என்றார்கள் எல்லோரும். இப்போது மாலை அதற்குத்தான். பழைய படம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. என் மகன் அந்தக் கம்மல்காரியைத்தான் பூட்டி என்று கும்பிடுகிறான்.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று கிளம்பி வராதீர்கள். வைக்கவில்லை. எனக்கு ஏன் வலிக்கிறது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

"ஆஷ்விட்ஸ் குழந்தைகள் படமும் செட்டப்தானே" என்று ஒருவர் தகவல் தந்திருக்கிறார். ஆஷ்விட்ஸ், போலந்தில் நாஜிகள் நடத்திய கொலைமுகாம். குழந்தைகள் கையை நீட்டிப் பச்சைக் குத்திய எண்ணைக் காட்டும் சோவியத் காட்சி, 1945 ஜனவரி 27 அன்று சோவியத் படை முகாமை விடுவித்த பிறகு அவர்களை நிறுத்தி வைத்து எடுத்ததுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குழந்தைகளும் எண்களும் நிஜம். அங்கே உயிர் பிழைத்த குழந்தைகளில் ஒருவரான எவா மோசஸ் கோர் வளர்ந்த பிறகு அந்தக் காட்சியில், இது நான், பக்கத்தில் என் இரட்டை மிரியம் என்று காட்டினார். உங்கள் படத்தில் "இது நான்" என்று யார் வருவார்கள்?

நேச நாட்டுப் படைகளின் தளபதி ஐசன்ஹோவர் 1945 ஏப்ரல் 12 அன்று ஜெர்மனியில் இருந்த ஓர்ட்ரூஃப் நாஜி முகாமுக்கு வேண்டுமென்றே போனார். பின்னால் ஒருவன் இதெல்லாம் பிரசாரம் என்று சொன்னால் நேரில் பார்த்த சாட்சியாக நிற்க வேண்டும் என்று அமெரிக்க ராணுவத் தலைவர் ஜார்ஜ் மார்ஷலுக்கு எழுதினார். பத்திரிகைக்காரர்களை வரவழைக்கச் சொன்னார். அவ்வளவு முன்கூட்டி யோசித்துச் சேர்த்த சாட்சி அது. யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று சாதிக்கிறவன் இன்றைக்கும் இருக்கிறான். அவனுக்கு உங்கள் படம் ஒன்று போதும், பாருங்கள் இதுவே பொய் என்று மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். ஆஷ்விட்ஸ் நினைவகமே இந்தப் போலிப் படங்களை எதிர்த்துக் கத்திக்கொண்டிருக்கிறது. அவர்களும் சீன் போடுகிறார்களா?

பதிவு போட்ட அண்ணன் நேற்று இரவு என்னை நட்பிலிருந்து எடுத்துவிட்டார். பத்து வருஷப் பழக்கம். மகள் பிறந்தபோது முதலில் எனக்குத்தான் போன் செய்தார். யாராவது இதை அவரிடம் காட்டுங்கள். அண்ணே, கோபம் இருக்கட்டும், என்னைச் சேர்க்கவும் வேண்டாம். அந்தப் படத்தை எடுத்துவிட்டு அந்தப் பையன் நடந்து வருகிற படத்தைப் போடுங்கள். லைக் குறையும். குறையட்டும் அண்ணே.