ஒரு ரப்பர் வளையத்துக்கு நாப்பத்திரெண்டாயிரமா?

வயிறு எரிஞ்சுதான் இதை எழுதுறேன். மூணு மாசம் தொழில் போச்சு. கையில இருந்த காசு போச்சு. தம்பிக்கு முதுகு பிடிச்சு பத்து நாள் படுத்துக் கிடந்தான். இத்தனைக்கும் காரணம், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதா ஒரு ரப்பர் வளையம். அதைக் கழட்டிப் பாக்க ஒருத்தனுக்கும் மனசு வரல.

என்கிட்ட இருக்கிறது ஃபைபர் படகு. அதுல பழைய 40 குதிரைத்திறன் ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகுக்குப் பின்னால வெளியில மாட்டுற எஞ்சின். பட்டனை அமுக்கினா ஹைட்ராலிக்ல, அதாவது எண்ணெய் அழுத்தத்துல, மேல தூக்குற வகை. எங்க பக்கம் நீளமான தண்டு வச்ச லாங் டெயில் எஞ்சின்தான் அதிகம். இந்த வகை எஞ்சின் குறைவு. ஆனா முத்துப்பேட்டை லகூன்ல தொழில் பாக்குறவனுக்கு அந்த டில்ட்டோட, அதாவது எஞ்சினைத் தூக்குற வசதியோட, அருமை தெரியும். பாதி இடத்துல தண்ணி இடுப்பளவுதான். பாமணியாறும் கோரையாறும் வண்டலைக் கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருக்கு. போன மாசம் படகு ஓடுன வழியில இந்த மாசம் சேறு தட்டும். கஜா புயல்ல சாஞ்ச அலையாத்தி மரத்தோட கட்டை எங்கயாவது தண்ணிக்கடியில கிடக்கும். சட்டுனு எஞ்சினைத் தூக்கணும், தாண்டினதும் இறக்கணும். எண்பது கிலோ எஞ்சினை நண்டு வலையும் கையுமா நிக்கிறவன் எத்தனை தடவை கையால தூக்குவான்?

சித்திரை கடைசியில ஆரம்பிச்சுது. ராத்திரி எஞ்சினைத் தூக்கி வச்சுட்டு வந்தா, காலையில ப்ரொப்பெல்லர் சேத்துக்குள்ள புதைஞ்சு கிடக்கும். பட்டனை அமுக்கினா ஒழுங்கா ஏறுது, ஆனா நிக்கல. கொஞ்சம் கொஞ்சமா தானா இறங்குது. ஒருநாள் திட்டைத் தாண்டுறப்பவே இறங்கி, சேத்தை உறிஞ்சி, எஞ்சினைக் குளிர வச்சுட்டுப் பின்னால பீச்சுற தண்ணி நின்னுபோச்சு. இன்னும் ரெண்டு நிமிஷம் கவனிக்காம விட்டிருந்தா எஞ்சினே சூடேறி இறுகியிருக்கும். தம்பி இறங்கி முதுகைக் கொடுத்துத் தூக்குனான். அப்பப் பிடிச்ச முதுகுதான்.

மெக்கானிக்கிட்ட கொண்டுபோனேன். பேரு வேணாம், ஊரும் வேணாம். அந்த மனுஷன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "எவ்வளவு வச்சிருக்கீங்க?" எஞ்சின் ஏறவே மாட்டேங்குதா, ஏறிட்டு இறங்குதா, மோட்டார் சத்தம் வருதா வரலயான்னு ஒரு வார்த்தை கேக்கல. எட்டிப் பாத்தாரு, எண்ணெய் குறைஞ்சிருக்குன்னு பக்கத்துல இருந்த பிரேக் ஆயிலை எடுத்து ஊத்துனாரு. பிரேக் ஆயில்! எஞ்சினைத் தூக்குற அந்த பம்ப் யூனிட்டுக்கு ஏ.டி.எஃப்.தான், தானா கியர் மாத்துற ஆட்டோமேட்டிக் கார்ல ஊத்துற சிவப்பு எண்ணெய். பிரேக் ஆயில் பட்டா உள்ள இருக்கிற ரப்பர் சீலெல்லாம் ஊறி உப்பிப்போகும். இது எனக்கு அப்பத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? அதுதானே அவர் தொழில்?

நாலு நாள்ல இன்னும் மோசமாச்சு. "பம்ப் யூனிட்டே போச்சுங்க, மாத்தித்தான் ஆகணும்." பழைய யூனிட் ஒண்ணு, நாப்பத்திரெண்டாயிரம். வீட்டுல நகையை வச்சுத்தான் கொடுத்தேன். கழட்டுன என் யூனிட்டை "ஸ்கிராப்புதானே, ரெண்டாயிரம் தர்றேன், விட்டுட்டுப் போங்க"ன்னாரு. எதுக்கோ மனசு ஒப்பல. சாக்குல சுத்தி வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.

அதுக்குப் பதிலா அவர் மாட்டுன யூனிட் ரெண்டு வாரம் ஓடுச்சு. அப்புறம் பட்டனை அமுக்கினா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். போன் பண்ணா பாக்காமலே, "மோட்டார் எரிஞ்சிருச்சு. பன்னெண்டாயிரம் ஆகும்." போன்லயே மோட்டார் எரிஞ்சதைக் கண்டுபிடிச்சுட்டாரு!

அந்தக் கோவத்துலதான் நானே உக்காந்தேன். மோட்டார்ல இருந்து ரெண்டு தடிமனான வயர் வரும், பெரும்பாலும் ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சை. கனெக்டரைக் கழட்டி, பன்னெண்டு வோல்ட் பேட்டரியில இருந்து நேரா அந்த ரெண்டு வயருக்கும் கொடுத்தேன். எஞ்சின் கிர்ருனு ஏறுது. வயரை மாத்திக் கொடுத்தேன், இறங்குது. எரிஞ்ச மோட்டார் இப்படியா ஓடும்? 'டிக்'னு சத்தம் வந்ததால பட்டன்ல இருந்து ரிலே வரைக்கும், அதாவது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுற சுவிட்ச் வரைக்கும், கரண்ட் வருது. ரிலேயில இருந்து மோட்டாருக்குப் போற இடத்துலதான் கோளாறு. கழட்டிப் பாத்தா டெர்மினல் பூரா உப்புக்காத்துல பச்சை பூத்துப்போய்க் கிடக்கு. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, இறுக்கி, கிரீஸ் தடவுனேன். அரைமணி நேர வேலை. செலவு, பத்து ரூபா உப்புத்தாள். பன்னெண்டாயிரம் கேட்டாரே!

அப்பத்தான் சாக்குல சுத்தி வச்ச பழைய யூனிட் ஞாபகம் வந்துச்சு. அதையும் இப்படித்தானே பாக்காமலே செத்துப்போச்சுன்னாரு?

எங்க மாமா மன்னார்குடியில கதிர் அறுக்கிற மிஷினுக்கு ஹைட்ராலிக் வேலை பாக்குறவரு. கடல் பக்கமே வந்ததில்ல, அவுட்போர்டைத் தொட்டதும் இல்ல. அவர் கேட்ட முதல் கேள்வி: "மாப்ள, ஏறுதா? ஏறிட்டு எறங்குதா?" ஏறிட்டு எறங்குது மாமான்னேன். "அப்ப பம்ப் நல்லாத்தான் இருக்கு. பம்ப் போயிருந்தா எப்படி ஏறும்? தூக்குன எண்ணெயைப் பிடிச்சு நிறுத்துற இடத்துலதான் ஒழுகுது"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மூணு மாசமா எவனும் சொல்லாத வார்த்தை. அறுவடை மிஷின்ல முன்பக்கத்தைத் தூக்குறதும் எண்ணெய், பம்ப், வால்வு, சீல்தான். இதுவும் அதேதான்.

பேட்டரி இல்லாதப்ப எஞ்சினைக் கையால தூக்குறதுக்கு ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதுதான் மேனுவல் வால்வு. அதை முதல்ல கழட்டுனாரு. தலையைக் கண்ட கண்ட ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத் திருகி மழுக்கி வச்சிருந்தாங்க. நுனியில இருந்த ஓ-ரிங், நான் சொன்ன அந்த ரப்பர் வளையம், கிழிஞ்சு தொங்குது. அந்தக் கிழிசல் வழியாத்தான் எண்ணெய் திரும்பி ஓடியிருக்கு. எஞ்சின் இறங்கியிருக்கு. பிரேக் ஆயில் கலந்து, தண்ணியும் புகுந்து, உள்ள இருந்த எண்ணெய் பால் ஊத்துன டீ மாதிரி வந்துச்சு. மத்த சீலும் உப்பியிருந்ததால மொத்தத்தையும் மாத்தினோம். அளவு எடுத்துக்கிட்டுப் போய் அவர் வாங்குற கடையிலயே நைட்ரில் ரப்பர்ல வாங்கினோம். அந்த ஓ-ரிங் பதினஞ்சு ரூபா. எல்லா சீலும் எண்ணெயும் சேத்து ஆயிரத்தி நூறு. முதல் நாளே வால்வைக் கழட்டிப் பாத்திருந்தா பதினஞ்சு ரூபாயோட போயிருக்கும்.

என் யூனிட்டைத் திரும்ப மாட்டி எண்ணெய் ஊத்துனோம். இதை மட்டும் கவனமாக் கேட்டுக்கங்க: எஞ்சினை முழுசாத் தூக்கி, தாங்குற கொக்கியைப் போட்டுட்டுத்தான் எண்ணெய் மூடியைத் திறக்கணும். இறங்கி இருக்கிறப்ப திறந்தா எண்ணெய் மூஞ்சியில அடிக்கும். தூக்கி வச்ச எஞ்சினுக்குக் கீழ கையை விடவே விடாதீங்க, தானா இறங்குற எஞ்சினுக்குக் கண்ணு கிடையாது. மூடியைக் கழட்டுன துளையோட விளிம்பு வரைக்கும் எண்ணெய் நிக்கணும். நாலஞ்சு தடவை ஏத்தி இறக்கி, காத்து போனதும் திரும்ப அளவு பாக்கணும்.

இன்னையோட ஒம்பது நாள். ராத்திரி தூக்கி வச்சது காலையில அப்படியே நிக்குது. இறங்குதான்னு பாக்க சுண்ணாம்புக்கட்டியில கோடு போட்டு வச்சிருக்கேன், ஒரு நூல்கூட அசையல.

தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். "எனக்கு ஹைட்ராலிக் பழக்கமில்ல, வேற ஆளைப் பாருங்க"ன்னு சொல்லியிருந்தா கும்பிட்டுட்டுப் போயிருப்பேன். கழட்டிப் பாக்காம, ஒரு கேள்வி கேக்காம, மொத்தமா மாத்துன்னு சொல்ல எப்படி மனசு வருது? நகை அடகுல இருக்குன்னு தெரிஞ்சே வாங்குனாரே.

நாளைக்குக் காலையில அந்தக் கடைக்குப் போறேன். அவர் மாட்டுன யூனிட்டைக் கழட்டி எடுத்து வச்சிருக்கேன், திருப்பிக் கொடுத்துட்டுப் பணத்தைக் கேக்கணும். கிழிஞ்ச ஓ-ரிங்கைத் தீப்பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கேன். அதையும் அவர் மேசையில வைக்கணும்.