மூன்றும் குறைந்தால் பேரீச்சம்பழம் போதாது

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் நம் கண் ஹீமோகுளோபின் வரியில்தான் போய் விழும். 7 என்றிருந்தால் பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, டானிக். கீழே வெள்ளை அணு 1,800, பிளேட்லெட் 22,000 என்று அச்சாகியிருப்பதை யாரும் படிப்பதில்லை. வெறும் இரும்புச்சத்துக் குறைவில் பிளேட்லெட் இப்படிச் சரியாது, பல நேரம் கூடத்தான் செய்யும். மூன்றும் சேர்ந்து சரிந்தால் இந்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜையைச் சந்தேகிக்க வேண்டும்.

முதலில் எளிதில் தீர்வதைப் பாருங்கள். பி12 குறைந்தாலும் மூன்றும் இறங்கும். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 100-ஐத் தாண்டியிருந்தால் அதைச் சோதிக்காமல் விடக்கூடாது. அதைப் பார்க்காமல் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் விழுங்கினால் ரத்தம் தேறுவதுபோல் தெரியும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ரெட்டிக்குலோசைட் கவுன்ட்டும் கேட்டு வாங்குங்கள். அது புதிதாய் வந்த இளம் சிவப்பணுக்களின் கணக்கு. ரத்தம் இவ்வளவு குறைந்தும் அது ஏறவில்லையென்றால் உற்பத்தியிலேயே கோளாறு.

பிறகு மஜ்ஜைப் பரிசோதனை. ‘முதுகுத்தண்டில் ஊசி போட்டால் கால் விளங்காது’ என்று பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். ஊசி போவது இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில். தண்டுவடம் அங்கே இல்லவே இல்லை. மரத்துப்போக ஊசி போட்டபின் மஜ்ஜையைத் திரவமாக உறிஞ்சுவார்கள் (அந்த நொடி சுரீரென்று இழுக்கும், மறைக்க வேண்டாம்). பிறகு சுமார் 2 செ.மீ. எலும்புத் துண்டு எடுப்பார்கள். அந்தத் துண்டு கட்டாயம் வேண்டும். உறிஞ்சியதில் வெறும் ரத்தம் கலந்து வந்தால், மஜ்ஜை காலியா, எடுத்த விதம் சரியில்லையா என்றே தெரியாது. மஜ்ஜை காலியாகிப்போகும் அப்ளாஸ்டிக் அனீமியாவில் செல் இருக்கவேண்டிய இடத்தில் கொழுப்பு இருக்கும். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் எம்டிஎஸ் என்ற மஜ்ஜை நோயில் செல்கள் நிறைய இருக்கும், ஆனால் கோணல்மாணலாக வளர்ந்து வெளியே வருமுன்பே சாகும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

குழந்தை என்றால், அதுவும் அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும் குடும்பமென்றால், பரம்பரை மஜ்ஜை நோயான ஃபேன்கோனி அனீமியாவுக்கான குரோமோசோம் உடைவுப் பரிசோதனை அவசியம். அதைத் தவறவிட்டு, மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு (வேறொருவரின் மஜ்ஜையை ஏற்றுவதற்கு) முன் வழக்கமான அளவில் கீமோ கொடுத்தால் அந்தப் பிள்ளையின் உடம்பு தாங்காது.

வீட்டில் ஒரு கணக்குத் தெரிந்திருக்கட்டும். மொத்த வெள்ளை அணுவை, அதில் கிருமியோடு மோதும் வகையான நியூட்ரோஃபிலின் சதவீதத்தால் பெருக்குங்கள். 1,800-ல் 20 சதவீதம், 360. இது 500-க்குக் கீழே இருக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி. நரம்பு வழி ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். பிளேட்லெட் குறைவாக இருக்கையில் தசையில் போடும் ஊசி, ஆஸ்பிரின், இபுபுரோஃபென் எதுவும் வேண்டாம்.

‘தம்பி ரத்தமே ஏற்றுங்கள்’ என்பது பாசம்தான், ஆனால் தப்பு. உடன்பிறந்த ஒருவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர் ரத்தத்தை முன்கூட்டியே ஏற்றினால், பின்னால் வரும் அவர் மஜ்ஜையை உடம்பு எதிர்க்கப் பழகிவிடும்.

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கு வழியில்லாத அப்ளாஸ்டிக் நோயாளிக்கு, மஜ்ஜையைத் தாக்கும் சொந்த எதிர்ப்பு செல்களை அடக்கும் ஏடிஜி மருந்து, கூடவே அதே வேலைக்கு சைக்ளோஸ்போரின் மாத்திரை. பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். இரண்டாம் மாதமே பொறுமையிழந்து மாத்திரையைத் தூக்கிப்போட்டுப் பப்பாளி இலைச் சாறுக்குப் போவதுதான் பெரிய விபத்து. அணுக்கள் ஏறிய பிறகும் சட்டென்று நிறுத்தினால் மறுபடி சரியும். டாக்டர் சொல்லி, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.