மயிரிழை எழுத்து

போடோனி, டிடோ வகை எழுத்துரு அழகுதான், மறுக்கவில்லை. தூண் போலத் தடித்த கோடு, அதை ஒட்டி மயிரிழைக் கோடு. பெரிய தலைப்பில் கண் அங்கேயே நின்றுவிடும். சரி, அதற்காக அழைப்பிதழின் நேரத்தையும் முகவரியையும் அதிலேயே 7 புள்ளி (பாயின்ட்) என்ற பொடி அளவில் அடிக்க வேண்டுமா?

18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் பார்மா நகரில் அச்சுக் கலைஞர் போடோனி இதை ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக உலோகத்தில் வெட்டினார். வழுவழுப்பான தாள், தாராளமான இடைவெளி வேறு. இப்போது தலைப்புக்கு வரைந்ததையே சுருக்கி, கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக விடுகிறார்கள். மை பரவி இழையை விழுங்கிவிடுகிறது. மிச்சம் வெறும் வேலிக்கால்கள்.

4 என்ற எண்ணில் தடித்தது அந்த நட்டுக்கோடு மட்டும்தான். மற்றதெல்லாம் மறைந்தால் அது 1. நான்கு மணி விழாவுக்கு ஒரு மணிக்கே போய் உட்கார்ந்திருந்தேன்.