மாத்திரை டப்பாவும் அல்சூர் ஏரியும்

என்.எம்.என்., ரெஸ்வெரட்ரால் (திராட்சைத் தோலில் இருக்கும் ஒரு பொருள்) என்ற சத்து மாத்திரைகள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ரெஸ்வெரட்ராலின் மறுபாதிக் கதையையும் சொல்லியிருக்க வேண்டும். ரெஸ்வெரட்ரால் ஆராய்ச்சியை நம்பித்தான் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் என்ற பெரிய மருந்து நிறுவனம் 2008-இல், அந்த ஆராய்ச்சியில் இருந்த சர்ட்ரிஸ் நிறுவனத்தைச் சுமார் 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013-இல் அதன் அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். ஒழுங்காகத் தின்று வளர்ந்த எலிகளுக்கு ரெஸ்வெரட்ராலைக் கொடுத்துப் பார்த்தும் ஆயுள் கூடவில்லை. என்.எம்.என். ரத்தத்தில் என்.ஏ.டி. (செல்கள் ஆற்றல் உண்டாக்கத் தேவையான பொருள்) அளவை ஏற்றுகிறது, சரி. அதனால் மனிதர்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

நல்ல பழக்கத்தை நம்புகிறவர், மாத்திரையை நம்புகிறவர் என்று எங்கள் வீட்டில் இரண்டு பேரையும் பார்க்கிறேன். அப்பாவுக்கு 79. இருபது வருஷமாகச் சர்க்கரை. விடியற்காலை பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் நடந்துவிட்டு, வரும் வழியில் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு வருவார். ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் முடிந்துவிடும். செருப்பு மட்டும்தான் சீக்கிரம் தேய்கிறது.

என் வீட்டுக்காரருக்கு 46, ஐ.டி. வேலை. மாதம் 4,500 ரூபாய்க்கு அந்த முதுமைத் தடுப்பு மாத்திரைகளின் வெள்ளை டப்பா வருகிறது. ராத்திரி பதினொன்றரைக்கு லேப்டாப் முன்னால் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, அதன்மேல் இரண்டு கேப்ஸ்யூல். போன மாதம் கட்டாயப்படுத்தி பி.பி. பார்க்க வைத்தேன்: 160/100! டாக்டர் எழுதிய மாத்திரையைப் போட மாட்டேன் என்கிறார், "அதான் இது இருக்கே" என்று.

அடுத்த கட்டுரை ரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதுங்கள், ப்ளீஸ். அவர் உங்கள் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறார்.